பார்த்தவுடன் புரியுமா படம்?

1966இல் அமெரிக்காவின் டவ் கெமிக்கல் நிறுவனத்தில் சுற்றுச்சூழல் சுகாதாரப் பொறியாளராக இருந்த சார்லஸ் பால்ட்வினுக்கு ஒரு விசித்திரமான தேவை வந்தது. பார்ப்பவர் யாருக்கும் எந்த அர்த்தமும் தோன்றாத ஒரு சின்னம் வேண்டும். ஆனால் ஒருமுறை பார்த்தவர் அதை மறக்கவும் கூடாது.

நோய்க்கிருமிகளைக் கையாளும் ஆய்வுக்கூடங்களுக்கான பாதுகாப்புக் கலன்களை அவருடைய குழு உருவாக்கிக்கொண்டிருந்தது. ‘உள்ளே கிருமி இருக்கிறது, தொடாதே’ என்று எச்சரிக்க அன்றைக்கு ஆளுக்கோர் அடையாளம் வைத்திருந்தார்கள். ராணுவ ஆய்வுக்கூடத்தில் தலைகீழான நீல முக்கோணம். கடற்படையில் இளஞ்சிவப்புச் செவ்வகம். ஓரிடத்தில் வேலை பழகியவர் இன்னோரிடத்துக்கு மாறினால் எந்தக் கதவுக்குப் பின்னால் ஆபத்து என்பதே தெரியாது.

டவ் குழு ஆறு வடிவங்களை வரைந்தது. ஊரறிந்த 18 சின்னங்களோடு அவற்றைக் கலந்தது: ஷெல் பெட்ரோல் சிப்பி, டெக்சகோ நட்சத்திரம், செஞ்சிலுவை, ஸ்வஸ்திகா வரைக்கும். 25 நகரங்களைச் சேர்ந்த 300 பேரிடம் இந்த 24ஐயும் காட்டி, ‘இது எதைக் குறிக்கிறது?’ என்று கேட்டார்கள். ஒரு வாரம் கழித்து அதே ஆட்கள் முன்னால் 60 சின்னங்களைப் பரப்பி, போன வாரம் பார்த்தவை எவை என்று கேட்டார்கள். முதல் சோதனையில் ஆளுக்கொரு பதிலைக் கிளப்பிய ஒரு சின்னம் இரண்டாவது சோதனையில் எல்லாவற்றையும்விட நன்றாக நினைவில் நின்றது. மூன்று கொம்பு வளையங்கள் ஒரு வட்டத்தோடு பின்னிக் கிடக்கும் வடிவம் அது. 1967இல் ‘சயின்ஸ்’ இதழில் அதை வெளியிட்டார்கள். மூன்று பக்கமும் ஒரே மாதிரி இருப்பதால், பெட்டி எப்படி உருண்டு கிடந்தாலும் சின்னம் தலைகீழாகத் தெரியாது. இன்று நம் மருத்துவமனைகளின் மஞ்சள், சிவப்புக் கழிவுப் பைகளில் இருப்பது இதுதான். 2016ஆம் ஆண்டின் மருத்துவக் கழிவு விதிகள் இதைக் கட்டாயமாக்கியிருக்கின்றன.

வரைகலையின் வரலாற்றில் இந்தக் கதைக்குப் பெரும்பாலும் ஓரத்தில்தான் இடம். நடுவில் வைத்துச் சொல்லத் தகுந்தது. 20ஆம் நூற்றாண்டின் பெரிய வரைகலைஞர்கள் பலர் இதற்கு நேர் எதிரான நம்பிக்கையோடு உழைத்தார்கள். எழுதப் படிக்கத் தெரியாதவரும் வேற்று மொழிக்காரரும் பார்த்த மாத்திரத்தில் புரிந்துகொள்ளும் படம் ஒன்று சாத்தியம் என்று நம்பினார்கள். அந்த நம்பிக்கையிலிருந்து அருமையான வேலைகள் பிறந்தன. ஆனால் அவை வென்ற இடங்களைக் கிட்டப் போய்ப் பார்த்தால், படம் தானாகப் புரிந்து வென்றதாகத் தெரியவில்லை. யாரோ இலக்கணம் வகுத்தார்கள், ஊரெல்லாம் ஒரே மாதிரி வைத்தார்கள், மக்கள் பழகிக்கொண்டார்கள்.

அந்த நம்பிக்கையின் தலைமகன் ஓட்டோ நொய்ராத். வியன்னாக்காரர், பொருளாதாரம் படித்தவர், ‘வியன்னா வட்டம்’ என்ற தத்துவக் குழுவில் ஒருவர். முதல் உலகப் போருக்குப் பிறகு வியன்னா நகராட்சி சமூக ஜனநாயகக் கட்சியின் கையில் இருந்தது. தொழிலாளர்களுக்கு ஆயிரக்கணக்கில் வீடுகள் எழும்பின. எத்தனை வீடுகள், எத்தனை குழந்தைகள் இறக்கின்றன, காசநோய் எந்தத் தெருவில் அதிகம் என்ற கணக்கெல்லாம் அரசுக் கோப்புகளில் அட்டவணையாகக் கிடந்தது. வேலை முடிந்து களைத்து வரும் தொழிலாளி அதைப் படிக்க மாட்டார். அவருக்காகவே 1925இல் நொய்ராத் ஒரு சமூக, பொருளாதார அருங்காட்சியகத்தைத் தொடங்கினார். அங்கே மாட்டி வைக்கப்பட்டவை பெரும்பாலும் புள்ளிவிவரப் படங்கள்தாம்.

அவர் வகுத்த விதி எளிமையானது. இன்றும் பத்திரிகைகள் மீறிக்கொண்டே இருப்பது. எண்ணிக்கை கூடினால் உருவத்தைப் பெரிதாக்காதே, உருவங்களைக் கூட்டு. ஒரு நாட்டின் ராணுவம் இன்னொன்றைப்போல இரண்டு மடங்கு என்று காட்ட, இரண்டு மடங்கு உயரமான சிப்பாயை வரைந்தால் அவன் காகிதத்தில் அடைக்கும் பரப்பு நான்கு மடங்காகிவிடும். கண் ஏமாந்துபோகும். ஒரு சிப்பாய்க்குப் பதில் அதே அளவில் இரண்டு சிப்பாய்களை நிறுத்தினால் எண்ணிப் பார்த்துக்கொள்ளலாம். தேர்தல் நேரத்தில் தொலைக்காட்சித் திரையில் வீங்கிப் பெருக்கும் பண மூட்டைகளையும் பெட்ரோல் பீப்பாய்களையும் வரைபவர்கள் நூறாண்டுக்கு முந்தைய இந்த ஒற்றை விதியைப் படித்தால் போதும்.

நொய்ராத்துக்குப் படம் வரைய வராது. அந்தக் குறையை இரண்டு பேர் தீர்த்தார்கள். ஒருவர் கெர்ட் ஆர்ன்ட்ஸ், ஜெர்மானிய ஓவியர். லினோலியம் தகட்டில் செதுக்கி அச்செடுத்து, ஏறத்தாழ 4,000 சின்னங்களை உருவாக்கியவர். முகம் கிடையாது, நிழல் கிடையாது, தேவையற்ற ஒரு கோடும் கிடையாது. அவருடைய வேலையற்ற தொழிலாளியின் கைகள் கால்சட்டைப் பையில் இருக்கும். அது ஒன்றே போதும், ஆள் யாரென்று தெரிய. இன்னொருவர் மரீ ரைடெமைஸ்டர். புள்ளிவிவரக்காரர் தரும் எண்களில் எதைச் சொல்வது, எதை விடுவது, எந்த வரிசையில் அடுக்குவது என்று முடிவு செய்வது அவர் வேலை. எண்ணுக்கும் ஓவியனுக்கும் நடுவில் நின்று, பொதுமக்களின் சார்பில் வழக்காடும் ஆள் மாதிரி. இன்றைய செய்தி அறைகளில் தகவல் வரைகலைப் பிரிவு என்று ஒன்று இருந்தால், அதன் தலைவர் செய்ய வேண்டியது இதைத்தான். வரலாறு மரீக்கு மெல்லத்தான் கடன் தீர்த்தது.

1934இல் ஆஸ்திரியாவில் சமூக ஜனநாயகவாதிகள் நசுக்கப்பட்டபோது குழு ஹாலந்தின் ஹேக் நகருக்கு ஓடியது. அங்கேதான் இந்த முறைக்கு ‘ஐசோடைப்’ என்ற பெயரை மரீ வைத்தார். 1940இல் ஹிட்லரின் படை ஹாலந்துக்குள் நுழைய, நொய்ராத்தும் மரீயும் நெரிசலான ஒரு படகில் ஏறி இங்கிலாந்து போய்ச் சேர்ந்தார்கள். எதிரி நாட்டவர் என்று அங்கே சிறைவைக்கப்பட்டு, பிறகு விடுதலையாகி, திருமணம் செய்துகொண்டு, ஆக்ஸ்ஃபோர்டில் ஐசோடைப் நிறுவனத்தைத் தொடங்கினார்கள். ஆர்ன்ட்ஸ் ஹாலந்திலேயே தங்கிவிட்டார்.

1945இல் நொய்ராத் இறந்தார். நம்பிக்கைக்குச் சோதனை அதற்குப் பிறகுதான் வந்தது. 1950களில் மேற்கு நைஜீரிய அரசு, விவசாயம், சுகாதாரம், கல்வி பற்றிய தன் திட்டங்களை மக்களுக்கு விளக்க மரீயின் உதவியைக் கேட்டது. அவர் நேரில் போனார். உலகத்துக்கே பொது என்று வியன்னாவில் செதுக்கிய உருவங்களை அப்படியே இறக்கி வைக்க முடியாது என்று கண்டார். வீடு அந்த ஊர் வீடாக இருக்க வேண்டும். மனிதர் அந்த ஊர் உடை உடுத்த வேண்டும். குழு எல்லாவற்றையும் மாற்றி வரைந்தது. ஐசோடைப்பில் ஊர்விட்டு ஊர் செல்லும் சரக்கு, ஆர்ன்ட்ஸின் உருவங்களைவிட, எண்ணிக்கை விதியும் அடுக்கும் முறையும்தான் என்று அப்போது தெரிந்துவிட்டது.

விளையாட்டு இந்தக் கதைக்குள் நுழைவது 1964இல். டோக்கியோ ஒலிம்பிக்குக்கு 93 நாட்டினர் வந்தார்கள். ஜப்பானிய எழுத்து அவர்களில் பெரும்பாலோருக்குத் தெரியாது. ஜப்பானியர்களுக்கு அவர்கள் மொழி தெரியாது. கலை இயக்குநர் கட்சுமி மசாரு ஒரு இளைஞர் பட்டாளத்தைச் சேர்த்தார். யமஷிதா யோஷிரோ 20 விளையாட்டுகளுக்குச் சின்னம் வரைந்தார். மற்றவர்கள் அரண்மனை ஒன்றின் நிலவறையில் உட்கார்ந்து கழிப்பறை, தொலைபேசி, முதலுதவி என்று 39 வசதிகளுக்கு வரைந்தார்கள். குடும்பச் சின்னங்களை ஒரு வட்டத்துக்குள் சுருக்கி வரைவது ஜப்பானில் நூற்றாண்டுகளாக இருந்துவரும் மரபு. அந்தக் கை சும்மா போகவில்லை.

வேலை முடிந்த நாளில் கட்சுமி எல்லோர் முன்னாலும் ஒரு தாளை வைத்துக் கையெழுத்துக் கேட்டார். பதிப்புரிமையை விட்டுக்கொடுக்கும் தாள். வரிப்பணத்தில் வரைந்த சின்னம் சமூகத்துக்குச் சொந்தம் என்பது அவர் வாதம். கழிப்பறைக் கதவில் ஆணும் பெண்ணுமாக நிற்கும் உருவங்கள் உலகம் முழுக்கப் பரவ, ஓவியத் திறமைக்குச் சமமாக இந்தக் கையெழுத்தும் ஒரு காரணம் என்றால் மிகையில்லை. காசு கேட்கும் சின்னம் பரவாது. பரவாத சின்னத்துக்கு யாரும் பழக மாட்டார்கள். 1974இல் அமெரிக்கப் போக்குவரத்துத் துறை விமான நிலையங்களுக்காக 34 சின்னங்களை வெளியிட்டபோதும் உரிமை எதுவும் கேட்கவில்லை. குக் அண்ட் ஷனோஸ்கி நிறுவனம் வரைந்த அந்த உருண்டைத் தலை மனிதர், இன்று உலகில் அதிகம் பேர் பார்க்கும் ஓவியங்களில் ஒருவராக இருக்கக்கூடும். அவரை வரைந்தவர்கள் பெயர் பலருக்கும் தெரியாது.

1972 மியூனிக் ஒலிம்பிக்கில் ஓட்ல் ஐஹர் இதைக் கணிதமாக்கினார். தலைக்கு ஒரு வட்டம். உடலும் கைகால்களும் ஒரே கட்டக் கோட்டுச் சட்டகத்துக்குள் நேராக, கிடையாக, அல்லது 45 பாகைச் சாய்வாக மட்டுமே போகும். இந்த மூன்று திசைகளை வைத்தே நீச்சல், குத்துச்சண்டை, குதிரையேற்றம் எல்லாம் வந்துவிடும். ஒன்றைப் பார்த்தவர் மற்றதையும் அதே குடும்பம் என்று அடையாளம் காண்பார். 1976 மாண்ட்ரியல் ஒலிம்பிக் அதையே வாங்கிப் பயன்படுத்தியது. ஐஹர் தன் மனைவி இங்கே ஷோலோடு சேர்ந்து நிறுவிய உல்ம் வடிவமைப்புப் பள்ளியில் படித்த இந்தியர்களில் சுதாகர் நட்கர்ணியும் ஒருவர். பம்பாய் ஐஐடியில் 1969இல் தொடங்கிய தொழில் வடிவமைப்பு மையத்தை வளர்த்தவர்களில் அவர் முக்கியமானவர். பின்னாளில் அதே மையத்தில் படித்த கள்ளக்குறிச்சிக்காரர் உதயகுமார்தான் 2010இல் ரூபாய்க்குக் குறியீடு தந்தார்.

மெக்சிகோ நகரம் இன்னும் ஒரு படி போனது. 1969இல் திறந்த அதன் மெட்ரோவில் ஒவ்வொரு நிலையத்துக்கும் பெயரோடு ஒரு படம் உண்டு. படிக்கத் தெரியாத பயணிகளுக்காக அமெரிக்க வரைகலைஞர் லான்ஸ் வைமன் வகுத்த ஏற்பாடு இது. சாப்புல்டெபெக் நிலையத்துக்கு ஒரு வெட்டுக்கிளி, ஏனென்றால் அந்த ஊரின் பழைய பெயருக்குள்ளேயே வெட்டுக்கிளி இருக்கிறது. வெட்டுக்கிளியைப் பார்த்தால் எந்த ஊர் என்று வெளியூர்க்காரருக்குத் தெரியாது. தெரிய வேண்டியதும் இல்லை. ‘வெட்டுக்கிளியில் இறங்கு’ என்று யாராவது சொல்லிவிட்டால் போதும்.

இந்த வெட்டுக்கிளி வேலையை மெக்சிகோவுக்கு 17 ஆண்டுகள் முன்னதாகவே, அதைவிடப் பெரிய அளவில் செய்து முடித்த நாடு இந்தியா. வரைகலை வரலாற்று நூல்கள் டோக்கியோவையும் மியூனிக்கையும் கொண்டாடும் அளவுக்கு இதைக் கண்டுகொள்வதில்லை. 1951 கணக்கெடுப்பின்படி எழுதப் படிக்கத் தெரிந்தவர்கள் 18 சதவீதம் சொச்சம். வாக்காளர்கள் 17 கோடிக்கு மேல். முதல் பொதுத் தேர்தலில் வாக்குச்சீட்டில் முத்திரை குத்தும் வேலையே கிடையாது. வேட்பாளருக்கு ஒரு பெட்டி, பெட்டியின் மேல் ஒரு படம். பிடித்த படத்துப் பெட்டியில் சீட்டைப் போட்டுவிட்டு வர வேண்டியதுதான். காங்கிரசுக்கு நுகம் பூட்டிய இரட்டைக் காளை, சோஷலிஸ்ட் கட்சிக்கு ஆலமரம், கம்யூனிஸ்ட் கட்சிக்குக் கதிர் அரிவாள்.

எதைச் சின்னமாக வைக்கக்கூடாது என்பதிலும் அன்றைய தேர்தல் ஆணையம் கண்ணாக இருந்தது. பசு, கோயில், தேசியக் கொடி, ராட்டை எதற்கும் இடமில்லை. பார்த்தவுடன் கை கூப்ப வைக்கும் படம் ஓட்டுக் கேட்கக்கூடாது என்பதுதான் காரணம். வேறு வகையில் சொன்னால், ஏற்கெனவே அர்த்தம் நிரம்பி வழியும் படங்களை ஒதுக்கி, வீட்டிலும் வயலிலும் கிடக்கும் சாதாரணப் பொருட்களை எடுத்தார்கள். அர்த்தத்தைக் கட்சிகள் ஊற்றிக்கொள்ளட்டும். கதிர் அரிவாளுக்கு விவசாயத்தோடு உறவு கற்பிக்கலாம். ஆனால் இரண்டு இலைகளுக்கும் ஒரு கட்சிக்கும் இயல்பாக என்ன உறவு? 1973 திண்டுக்கல் இடைத்தேர்தலில் அண்ணா திமுக வேட்பாளர் மாயத்தேவர் பட்டியலிலிருந்து அதைத் தேர்ந்தெடுக்கும்வரை ஒன்றும் இல்லை. எம்ஜிஆர் இரண்டு விரல்களை உயர்த்திக் காட்டத் தொடங்கியதும் அது கையாலும் காட்டக்கூடிய சின்னமாயிற்று. சுவரில் நான்கு கோடுகளில் வரையலாம், மேடையில் இரண்டு விரலில் காட்டலாம். எந்த வரைகலைப் பள்ளியும் இதைவிட நல்ல பாடம் சொல்லித் தராது.

அப்படி ஊறிப்போன சின்னத்தைப் பிடுங்கினால் என்ன ஆகும் என்பதையும் தமிழ்நாடு பார்த்திருக்கிறது. எம்ஜிஆர் மறைவுக்குப் பின் கட்சி பிளந்தபோது, 1989 சட்டமன்றத் தேர்தலுக்கு இரட்டை இலை முடக்கப்பட்டது. ஜானகி அணிக்கு இரட்டைப் புறா, ஜெயலலிதா அணிக்குச் சேவல். அணிகள் இணைந்ததும் முதலில் மீட்டுக்கொண்டது இலையைத்தான். அதற்குப் பிறகும் கட்சிகள் பிளந்தபோதெல்லாம் கொடி, கட்டடத்துக்கு இணையாகச் சின்னத்துக்கும் நீதிமன்றப் படியேறியிருக்கிறார்கள். சந்தைப்படுத்தல் துறையினர் ‘பிராண்ட் மதிப்பு’ என்று சொல்வதை எந்த நிறுவனமும் இத்தனை அப்பட்டமாகப் பரிசோதித்ததில்லை.

இரட்டை இலைக்கும் சில ஆண்டுகள் முன்பே அரசு இன்னொரு வெற்றுச் சின்னத்தை ஊர் ஊராகக் கொண்டுபோனது. தலைகீழான சிவப்பு முக்கோணம். 1960களின் பிற்பகுதியில் குடும்பக் கட்டுப்பாட்டுத் துறையில் பிரசாரத்துக்குப் பொறுப்பாக இருந்தவர் தீப் தியாகி. கருத்தடையைப் படமாக வரைவது சங்கடமான காரியம். தாய், தந்தை, குழந்தை என்று வரைந்தால் யாருடைய உடை, எந்த மதம், எந்த மாநிலம் என்ற கேள்விகள் முளைக்கும். முக்கோணத்துக்கு உடையும் இல்லை, மதமும் இல்லை. கிராமத்துச் சுவரில் கைப்பழக்கம் குறைந்த பெயின்டரும் பிசகாமல் எழுதலாம். ஆரம்பச் சுகாதார நிலையம், பஸ்ஸின் முதுகு, தீப்பெட்டி என்று கண்ட இடமெல்லாம் அது ஏறியது. சில ஆண்டுகளில் சிவப்பு முக்கோணம் என்றால் என்னவென்று சிறுவர்களுக்கும் தெரிந்திருந்தது. பல ஆப்பிரிக்க நாடுகளும் அதைக் கடன் வாங்கின. (அந்தத் திட்டம் நெருக்கடி நிலையின்போது எப்படி நடத்தப்பட்டது என்பது வேறு கதை. சின்னத்தின் மேல் அந்தக் கறையும் படிந்தது. கற்றுக்கொண்ட அர்த்தம் மாறவும் செய்யும்.)

ஆக, அர்த்தமில்லாத வடிவத்துக்கு அர்த்தம் பழக்கலாம். பழக்காமல் விட்டால்?

1946இல் கலிஃபோர்னியாவின் பெர்க்லி கதிரியக்க ஆய்வுக்கூடத்தில் மூன்று இதழ் விசிறி போன்ற ஒரு குறியை வரைந்தார்கள். கதிரியக்கத்தின் அடையாளமாக அது உலகெங்கும் போனது. எக்ஸ்ரே அறைக் கதவில் நாமும் பார்க்கிறோம். படித்தவர்களுக்கு அது தெரியும். படித்தவர்கள் மட்டுமே அந்தப் பொருட்களைத் தொடும்வரை சிக்கல் இல்லை. 2000இல் தாய்லாந்தின் சமுத் பிரகான் பகுதியில் கைவிடப்பட்ட ஒரு கோபால்ட் சிகிச்சைக் கருவியின் தலைப்பகுதி பழைய இரும்புக் கடைக்கு வந்தது. அதில் விசிறிக் குறி இருந்தது. எச்சரிக்கை வாசகமும் இருந்தது, ஆனால் தாய்லாந்து மொழியில் இல்லை. கடையில் அதை உடைத்துத் திறந்தார்கள். மூன்று பேர் இறந்தார்கள். 2010இல் டெல்லி மாயாபுரி பழைய இரும்புச் சந்தையிலும் ஒரு பழைய ஆய்வுக்கூடக் கருவியிலிருந்த கோபால்ட்-60 ஓர் உயிரைக் குடித்தது.

சர்வதேச அணுசக்தி முகமையும் ஐஎஸ்ஓ தர நிறுவனமும் இதற்காகவே ஒரு புதுச் சின்னத்தைத் தேடின. இந்தியா உட்பட 11 நாடுகளில் 1,650 பேரிடம் சோதித்து, 2007இல் வெளியிட்டன. சிவப்பு முக்கோணத்துக்குள் மேலே விசிறி, அதிலிருந்து பாயும் கதிர்கள், கீழே மண்டையோடு, பக்கத்தில் ஓடும் மனிதர், ஓர் அம்புக்குறி. அழகு என்று யாரும் சொல்ல மாட்டார்கள். ஆர்ன்ட்ஸ் பார்த்திருந்தால் பாதியைத் துடைத்திருப்பார். ஆனால் ஒட்டும் இடத்தைத் தீர்மானித்ததில்தான் இதன் புத்தி இருக்கிறது. கருவியின் வெளிப்புறத்தில் வைக்காமல், கழற்றினால் மட்டும் தெரியும்படி உள்ளே, கதிரியக்கப் பொருளுக்குப் பக்கத்தில் பொருத்துகிறார்கள். கையில் ஸ்பேனரோடு நிற்பவருக்கு நேரடியாகச் சொல்லும் கடைசி வார்த்தை அது.

மண்டையோடு கூடவா எல்லோருக்கும் புரியாது? 1971இல் அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் நகரக் குழந்தைகள் மருத்துவமனையின் நச்சு முறிவு மையம் இதே கேள்வியைக் கேட்டுக்கொண்டது. விஷப் புட்டிகளில் மண்டையோடு போட்டால் குழந்தைகளுக்குக் கடற்கொள்ளையர் கதைதான் நினைவுக்கு வந்தது. உள்ளூர் பேஸ்பால் அணியின் பெயரே ‘பைரேட்ஸ்’. கடைசியில் நாக்கைத் துருத்தி முகம் சுளிக்கும் பச்சை நிற முகம் ஒன்றை உருவாக்கிப் புட்டிகளில் ஒட்டினார்கள்.

இப்படிச் சோதிப்பதற்கு இப்போது முறைகள் உண்டு. அமெரிக்கத் தர விதிப்படி ஒரு பாதுகாப்புச் சின்னத்தைக் குறைந்தது 85 சதவீதத்தினர் சரியாகப் புரிந்துகொள்ள வேண்டும். அதைவிட முக்கியம், நேர் எதிராகப் புரிந்துகொள்பவர்கள் 5 சதவீதத்தைத் தாண்டக்கூடாது. எதிரர்த்தம் என்பது கற்பனைப் பயம் இல்லை. கருவைக் கடுமையாகப் பாதிக்கும் ஒரு முகப்பரு மாத்திரையின் அட்டையில், கர்ப்பிணி உருவத்தை வட்டமிட்டுக் குறுக்கே கோடு போட்டிருந்தார்கள். ‘கர்ப்பிணிகள் சாப்பிடக்கூடாது’ என்று சொல்ல நினைத்தார்கள். ‘இதைச் சாப்பிட்டால் கர்ப்பம் ஆகாது’ என்று, அதாவது கருத்தடை மாத்திரை என்று சிலர் படித்தது ஆய்வுகளில் தெரிந்தது.

சோதனையில் விடுபடும் ஆட்கள் எப்போதும் உண்டு. நம் ஊர் உணவுப் பொட்டலங்களில் சைவத்துக்குப் பச்சைப் புள்ளியும் அசைவத்துக்குப் பழுப்புப் புள்ளியும் இருந்தன. சிவப்பு, பச்சை வேறுபாடு தெரியாத நிறக்குருடு உள்ளவருக்கு இரண்டும் ஒன்றாகத்தான் தெரிந்தன. இந்தப் புள்ளிகள் வந்து ஏறத்தாழ இருபது ஆண்டுகள் கழித்து, 2020ஆம் ஆண்டின் விதிகளில், அசைவப் புள்ளி முக்கோணமாக மாற்றப்பட்டது. நிறத்தை மட்டும் நம்பாதே என்பது வரைகலை மாணவர்கள் முதலாண்டில் படிக்கும் பாடம். சட்டம் அதைப் படிக்க இருபது ஆண்டு பிடித்தது. மாற்றுத்திறனாளிகளைக் குறிக்கும் சக்கர நாற்காலிச் சின்னத்தின் கதை இன்னும் வேடிக்கை. 1968இல் டென்மார்க் மாணவி சுசான் கோஃபோட் வரைந்தபோது அதில் நாற்காலி மட்டுமே இருந்தது. அடுத்த ஆண்டு கார்ல் மோன்டன் அதன் உச்சியில் ஒரு வட்டம் வைத்தார். வெறும் நாற்காலியில் ஆள் வந்து உட்கார்ந்தது அந்த ஒரு வட்டத்தால்தான்.

பச்சை நிறத்தில் கதவை நோக்கி ஓடும் ‘வெளியேறும் வழி’ மனிதரும் ஜப்பானியர். 1972இல் ஒசாகாவில் ஒரு பேரங்காடித் தீ விபத்தில் 118 பேரும், அடுத்த ஆண்டு குமமோட்டோவில் இன்னொன்றில் நூற்றுக்கும் மேற்பட்டோரும் இறந்த பிறகு, அவசர வழிக்கான சின்னத்துக்குப் போட்டி வைத்தார்கள். ஆயிரக்கணக்கில் வந்த வரைபடங்களைப் புகைக்குள் வைத்தெல்லாம் பார்த்தார்கள். தேர்ந்ததை ஓட்டா யுகியோவின் குழு செதுக்கித் தந்தது. சோவியத் ஒன்றியத்தின் படத்தோடு மோதி, ஐஎஸ்ஓ ஏற்பைப் பெற்றது. சென்னை மால்களிலும் மெட்ரோ நிலையங்களிலும் அவர் ஓடிக்கொண்டிருக்கிறார். அமெரிக்காவில் மட்டும் இன்னும் பெரும்பாலும் நான்கு ஆங்கில எழுத்துகள்தாம், பல இடங்களில் சிவப்பில். பழகிப்போனது ஒன்றை விட்டு வருவது வல்லரசுக்கும் கடினம்.

கணினிக்கும் கைபேசிக்கும் வந்தால் வரலாறு வேகமெடுக்கிறது. 1984 மெக்கின்டோஷுக்கு சூசன் கேர் 32க்கு 32 கட்டங்களில் புள்ளி புள்ளியாக ஐகான்களை நிரப்பினார். ஆப்பிள் விசைப்பலகையில் நான்கு மூலையிலும் வளையமிட்ட சதுரம் இருக்கிறதே, அது ஸ்வீடனில் ‘பார்க்க வேண்டிய இடம்’ என்று வழி காட்டும் சாலைக் குறி. திரையில் ஆப்பிள் லோகோ அளவுக்கு மீறி வருகிறது என்று ஸ்டீவ் ஜாப்ஸ் சலித்துக்கொள்ள, குறியீட்டு அகராதி ஒன்றைப் புரட்டிக் கேர் அதைக் கண்டெடுத்தார். ஸ்வீடனில் கோட்டைக்கும் பழைய தேவாலயத்துக்கும் வழி சொல்வது, இங்கே நகலெடுக்கவும் ஒட்டவும் உதவுகிறது. யாரும் குழம்பவில்லை. ஃப்ளாப்பியைக் கண்ணால் பார்த்திராத பிள்ளைகளும் சேமிக்க அதைத்தான் அழுத்துகிறார்கள்.

எமோஜி வந்தபோது நொய்ராத்தின் கனவு பலித்துவிட்டதாகச் சிலர் எழுதினார்கள். 1999இல் ஜப்பானின் என்டிடி டோகோமோவுக்காகக் குரிட்டா ஷிகெடகா 12க்கு 12 புள்ளிகளில் 176 படங்களை வரைந்தார். நியூயார்க்கின் நவீனக் கலை அருங்காட்சியகம் 2016இல் அவற்றைத் தன் சேகரிப்பில் சேர்த்துக்கொண்டது. ஆனால் இன்றைய எமோஜிகளில் உள்ள கூப்பிய கைகளையே பாருங்கள். ஜப்பானில் அது நன்றி, அல்லது தயவுசெய்து. இங்கே வணக்கம், இரங்கல் செய்தியில் அஞ்சலி, கடன் கேட்பவரிடம் ஆளை விடு சாமி. இரண்டு பேர் கைதட்டிக்கொள்வதாக நினைத்தவர்கள் அமெரிக்காவில் உண்டு. குடும்ப வாட்ஸ்அப் குழுவில் யாருக்கும் இது குழப்பமாக இல்லை, ஏனென்றால் குழு தனக்குள் ஓர் இலக்கணத்தை வகுத்துக்கொண்டுவிட்டது.

இத்தனையையும் தெரிந்து வைத்திருப்பவர்களுக்கு ஒரு வேலை காத்திருந்தது. அமெரிக்காவின் நியூ மெக்சிகோ மாநிலத்தில், கார்ல்ஸ்பாட் நகருக்கு அருகே, 650 மீட்டர் ஆழத்து உப்புப் பாறையில் அணு ஆயுதத் தயாரிப்பின் கழிவுகளை 1999 முதல் புதைக்கிறார்கள். அங்கே தோண்டாதே என்று 10,000 ஆண்டுகளுக்குப் பிறகு வருபவருக்கும் தெரிவிக்க வேண்டும். மொழியியலாளர், மானுடவியலாளர், வானியலாளர், கலைஞர் என்று நிபுணர் குழுக்கள் கூடி யோசித்து, 1993இல் அறிக்கை தந்தார்கள். முள் முள்ளாக எழும் மாபெரும் கற்கள், வேதனையில் அலறும் முகங்கள் என்று பல யோசனைகள். பழக்கித் தர ஆளே இல்லாத இடத்தில் படம் என்ன பேசும் என்பதற்கு அவர்களிடம் உறுதியான பதில் இல்லை. அதனால் திட்டத்தில் எழுத்தும் சேர்ந்தது: ஐநாவின் ஆறு அதிகாரபூர்வ மொழிகள், அந்த வட்டாரத்துப் பழங்குடிகளின் நவஹோ, ஆக ஏழு. கூடவே கல்லில் கொஞ்சம் வெற்றிடம். இந்த ஏழும் மங்கத் தொடங்கும் காலத்தில் அங்கே இருப்பவர்கள், தங்கள் மொழியில் அதையே மறுபடி செதுக்கிக்கொள்வதற்கு.